ஸ்பைடர்மேனை வெளியே எடு!

"சீட்டாட்டமா? பெத்த புள்ளையோட உக்காந்து சீட்டாட்டமா?"

மயிலாடுதுறையிலிருந்து போனில் அம்மா போட்ட சத்தம், நியூஜெர்ஸியில் எங்கள் வீட்டு சமையலறை வரை கேட்டது. இத்தனைக்கும் ஸ்பீக்கரை நான் போடவில்லை.

"அது அந்தச் சீட்டு இல்லம்மா. ஸ்பைடர்மேன், பேட்மேன் படம் போட்ட சீட்டு..."

"படம் போட்டா ஆச்சா? நம்ம சீட்டுலயும்தான் ராஜா, ராணி படம் போட்டிருக்கு. உங்க தாத்தா ரெண்டு மா நிலத்தை அந்த ராணிகிட்டதான் விட்டாரு!"

இது நடந்தது 2004 கடைசியில். பையனுக்கு அப்போது பத்து வயசு. அம்மாவுக்கு அன்றைக்கு என்னால் விளக்க முடியவில்லை. உங்களுக்காவது விளக்க முடிகிறதா, பார்க்கிறேன்.

ரம்மி என்றால் எல்லோருக்கும் பொதுவாக ஒரே சீட்டுக்கட்டு. கைக்கு வந்ததை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். 'டிரேடிங் கார்டு கேம்' அப்படி இல்லை. ஆளுக்கு ஒரு கட்டு. அதை அவரவரே வீட்டில் தயார் செய்து எடுத்து வரவேண்டும். பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்த்த நூற்றுக்கணக்கான சீட்டுகளிலிருந்து பொறுக்கி எடுத்து அடுக்குவதற்குத்தான் 'டெக் கட்டுவது' என்று பெயர். பாக்கெட்டைப் பிரிக்கிற வரை உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாது. ஒரே ஆள் ஐந்தாறு தடவை வந்தால் இன்னொருவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். 'டிரேடிங்' என்பது அதுதான்.

கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1993-ல் 'மேஜிக்: தி கேதரிங்' மூலம் ஆரம்பித்து வைத்த விளையாட்டு வகை இது. 1995-ல் ஃபிளீர் கம்பெனி 'ஓவர்பவர்' என்ற பெயரில் மார்வெல் சூப்பர் ஹீரோக்களைச் சீட்டுக்குள் இறக்கியது. 2004-ல் அப்பர் டெக் கம்பெனி 'வெர்சஸ் சிஸ்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் என்ன விசேஷம் என்றால், பரம போட்டியாளர்களான மார்வெல், டிசி இரண்டு பேருடைய ஹீரோக்களும் ஒரே ஆட்டத்தில்! ரஜினி பட ஹீரோவும் கமல் பட ஹீரோவும் ஒரே ஃபிரேமில் மோதிக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படி.

எங்கள் ஊர் காமிக்ஸ் கடையில் பையன் மூக்கை ஒட்டி நின்றது அந்த ஆட்டத்தின் கண்ணாடி அலமாரியில்தான். நானும் ஒட்டிக்கொண்டேன். எனக்கு வயசு முப்பத்தெட்டு.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், பரீட்சை இல்லை.

கட்டில் குறைந்தது 60 சீட்டு. ஒரே சீட்டு அதிகபட்சம் நாலு. ஆளுக்கு 50 புள்ளி உயிர். ஆரம்பத்தில் கையில் நாலு சீட்டு. அப்புறம் ஒவ்வொரு ரவுண்டிலும் இரண்டு எடுக்கலாம். ரவுண்டுக்கு ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தால் அது உங்கள் கையிருப்புப் பணம் மாதிரி. அதாவது முதல் ரவுண்டில் ஒரு பாயிண்ட், மூன்றாவது ரவுண்டில் மூன்று பாயிண்ட். அதற்குள் விலை படிகிற ஹீரோவைத்தான் களத்தில் இறக்க முடியும்.

இங்கேதான் எனக்குப் பிடித்தது சனி. நான் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிறவன். சதவிகிதம் என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

மூன்றாவது ரவுண்டு வரைக்கும் நீங்கள் பார்க்கிற சீட்டு மொத்தம் பத்து. மூன்று பாயிண்ட் ஹீரோ ஒருவரை நாலு சீட்டு வைத்திருந்தால், அந்தப் பத்துக்குள் அவர் வந்து சேர வாய்ப்பு 100-க்கு 53. பூவா, தலையா கதைதான். மூன்று பாயிண்டில் எட்டு சீட்டு வைத்தால் 79. (முதல் நாலு பிடிக்காவிட்டால் ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) ஆக, ஒவ்வொரு விலையிலும் போதுமான ஆள் வேண்டும். அதற்கு இடம்? வேறு யாரையாவது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும்.

கடையில் சனிக்கிழமை தவறாமல் வருகிற தாடிக்காரர் ஒருவர் இருந்தார். வயசு ஐம்பதுக்கு மேல். எங்கள் கட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேர்க்கிறது எல்லாரும் செய்வாங்க. எதை எடுக்கணும்னு தெரிஞ்சவன்தான் கட்டு கட்டறவன்."

உபதேசம் எனக்குப் புரிந்தது. யாரை எடுப்பது என்பதும் புரிந்தது. பையனுடைய கட்டில் பதினோரு ஸ்பைடர்மேன்கள் இருந்தார்கள்!

விலைக்கு ஒரு விதமாக, விதத்துக்கு இரண்டு மூன்றாக, எல்லாமே ஸ்பைடர்மேன். ஆனால், ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரே பெயருள்ள ஹீரோ உங்கள் பக்கத்தில் ஒருவர்தான் நிற்கலாம். இரண்டாவது ஸ்பைடர்மேனை இறக்கினால் முதல் ஸ்பைடர்மேன் நடையைக் கட்டவேண்டும்.

"பதினொண்ணு எதுக்குடா? ஏழை வெளியே எடு."

"நோப்பா."

"அஞ்சு?"

"நோ."

"கட்டுல 61 சீட்டு வேற இருக்கு. ஒண்ணையாவது எடு."

"60-க்குக் கம்மியாத்தான் இருக்கக் கூடாது. 61 இருக்கலாம். ரூல் புக்ல போட்டிருக்கு."

சட்டப்படி சரி. ஆனால், 61 ஆனால் அந்த 53 சதவிகிதம் 52 ஆகிவிடுகிறதே! ஒரு சதவிகிதம் முழுசாகக்கூட இல்லை, அதில் மூன்றில் இரண்டு பங்குதான். என்றாலும் எனக்கு மனசு ஆறவில்லை. ராத்திரி சாப்பாட்டு மேஜையில் சீட்டுகளைப் பரப்பி இரண்டு பேரும் சண்டை போடுவோம். என் மனைவி கரண்டியோடு வந்து நிற்பாள்.

"ஏங்க, அந்த வில்லனுங்களைக் கொஞ்சம் நகர்த்துங்க. சாம்பாரை வைக்கணும்."

2005 ஆரம்பத்தில் கடையில் சின்னதாக ஒரு போட்டி வைத்தார்கள். பரிசு, சில பாக்கெட் சீட்டு. நான் ஒரு காரியம் செய்தேன். பையன் தூங்கின பிறகு உட்கார்ந்து, நானே அவனுக்கு ஒரு புதுக் கட்டு கட்டினேன். சென்டினல் கட்டு.

சென்டினல் என்பது எக்ஸ்மென் கதையில் வருகிற ராட்சச ரோபோப் பட்டாளம். தனியாகப் பேர் கிடையாது. அச்சடித்த மாதிரி ஒன்றுபோல் ஒன்று. இதுகளுக்கு 'ஆர்மி' என்று விதிவிலக்கு. ஒரே ரோபோ எத்தனை வேண்டுமானாலும் சேர்ந்து நிற்கலாம். அந்த நாட்களில் பெரிய போட்டிகளிலும் சென்டினல் கட்டு என்றால் எதிராளிக்கு வயிற்றைக் கலக்கும். சூப்பர் ஹீரோ ஆட்டத்தில் பேர் தெரியாத பட்டாளம் ஜெயித்துக்கொண்டிருந்தது. கணக்குக்குப் பேர் தேவையில்லை பாருங்கள்!

பையன் அந்தக் கட்டோடு நாலு ஆட்டம் ஆடினான். மூன்றில் ஜெயித்தான். பதினாறு வயசுப் பையன்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். தாடிக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அன்றைக்கு இரண்டு இஞ்ச் வளர்ந்திருப்பேன்.

காரில் திரும்பும்போது பின் சீட்டில் சத்தமே இல்லை. பரிசு பாக்கெட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

"என்னடா, ஜெயிச்சுட்டு உம்முனு இருக்கே?"

"நான் ஜெயிக்கலப்பா. நீங்கதான் ஜெயிச்சீங்க. நான் சும்மா கார்டை எடுத்து எடுத்து வெச்சேன்."

எனக்கு பதில் வரவில்லை. வீட்டுக்கு வருகிற வரை அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. என் அப்பா எனக்குப் பத்து வயசில் பட்டம் செய்து கொடுத்தார். அப்புறம் பறக்கவிட்டதும் அவரேதான். நான் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அதே வேலையைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் எனக்கென்று ஒரு கட்டு வைத்துக்கொண்டேன். அவன் கட்டு அவனுடையது. கேட்டால் மட்டும் சதவிகிதம் சொல்வேன். கேட்பான், கேட்டுவிட்டு, தன் இஷ்டப்படிதான் செய்வான்.

ரொம்பத் தோற்றான். வாரா வாரம் தோற்றான். ஆனால், தோற்றுவிட்டு வந்து தானே இரண்டு சீட்டை எடுப்பான், வேறு இரண்டைப் போடுவான். மூன்றாவது ரவுண்டில் ஆள் வராமல் நாலு தடவை அடி வாங்கிய பிறகு, நான் சொன்ன அந்த 'எட்டு' அவன் கட்டிலும் தானாக வந்து உட்கார்ந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை. அந்த எட்டுக்கு இடம் எதை எடுத்துச் செய்தான் தெரியுமா? ஆயுதச் சீட்டுகளை, இடச் சீட்டுகளை. ஸ்பைடர்மேனில் ஒருவர்கூடக் குறையவில்லை.

ஏன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்தது. என் சென்டினலும் அவன் ஸ்பைடர்மேனும் எதிரெதிரே. அவன் ஆளின் தாக்கும் பலம் என் ரோபோவின் தற்காப்பைவிட இரண்டு குறைவு. நான் காபியை எடுத்து உறிஞ்சினேன். அவன் கையிலிருந்து இன்னொரு ஸ்பைடர்மேனைக் கீழே போட்டான். "பவர்-அப். பிளஸ் ஒன்." மறுபடி ஒன்றைப் போட்டான். "பிளஸ் டூ."

களத்தில் நிற்கிற ஹீரோவின் பெயருள்ள சீட்டைக் கையிலிருந்து கழித்தால் அந்த மோதலுக்கு மட்டும் பலம் ஒன்று கூடும். நானும் படித்த விதிதான். படித்துவிட்டு, 'இதெல்லாம் வேஸ்ட்' என்று தாண்டிப் போய்விட்டேன். பையன் மிச்சமிருக்கிற ஸ்பைடர்மேன்களை வேஸ்ட்டாக நினைக்கவில்லை. தனக்குப் பிடித்தவனை வெளியே தள்ளாமல் ஜெயிக்க ஒரு வழி இருக்குமா என்று தேடித் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். என் ரோபோ மல்லாந்தது. எனக்குக் காபி புரையேறியது.

அன்றைக்கு அவன் குதித்த குதி இருக்கிறதே... போட்டியில் மூன்று ஆட்டம் ஜெயித்த அன்றைக்கு அதில் கால்வாசிகூட இல்லை.

2009 ஜனவரியில் 'வெர்சஸ் சிஸ்டம்' நிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது. புதுச் சீட்டு கிடையாது. கடையில் சனிக்கிழமைக் கூட்டம் கரைந்தது. தாடிக்காரரையும் அப்புறம் பார்க்கவில்லை. பையன் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டான். அவனுக்கும் வேறு வேலைகள். நான்தான் எல்லாவற்றையும் ஷூ டப்பாக்களில் அடுக்கி பேஸ்மென்ட்டில் வைத்தேன். எத்தனை டாலர் போட்டோம் என்று ஒரு தரம் கணக்குப் போட உட்கார்ந்தேன். மனைவி பக்கத்தில் வந்ததும் காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

அடுக்கும்போது பையனுடைய கட்டை எண்ணினேன். பழக்க தோஷம். 61!

கடைசிச் சீட்டு, முதல் பாக்கெட்டில் வந்த ஸ்பைடர்மேன். பத்து வயசுக் கையில் கசங்கி மூலை மடங்கியிருந்தது. எத்தனை தடவை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்! எடுக்கவே இல்லை.

அந்த ஆட்டம் 2015-ல், பாக்கெட் அதிர்ஷ்டம் இல்லாமல் பெட்டியாகவே வாங்குகிற மாதிரி, வேறு உருவத்தில் திரும்பி வந்தது. 2022-ல் போனிலேயே ஆடுகிற 'மார்வெல் ஸ்னாப்' வந்தது. அதில் கட்டுக்கு 12 சீட்டுதான். ஒரே சீட்டு இரண்டு கிடையாது. தாடிக்காரர் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அப்புறம் 2025 செப்டம்பரில், எல்லாவற்றுக்கும் தாத்தாவான 'மேஜிக்' ஆட்டத்துக்குள்ளேயே ஸ்பைடர்மேன் நுழைந்துவிட்டார். அன்றைக்கு சியாட்டிலிலிருந்து போன்.

"அப்பா, ஸ்பைடர்மேன் மேஜிக்குக்கு வந்துட்டான். பார்த்தீங்களா?"

அவனுக்கு இப்போது முப்பத்தொன்று. குரலில் பத்துதான்.

"பார்த்தேன். கட்டுக்கு எத்தனை?"

"அதேதான். குறைஞ்சது அறுபது. ஒரே கார்டு நாலு வரைக்கும்."

அந்த நவம்பரில் தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்தான். மேஜையில் சீட்டுகள் பரவின. புதுசு, பழசு எல்லாம். நான் எண்ணிப் பார்த்தேன்.

"டேய், 61 இருக்குடா."

"தெரியும்ப்பா."

எனக்கு வாய்வரை வந்தது. 53, 52... முழுங்கிக்கொண்டேன்.

"ஏங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்த வில்லனுங்களைக் கொஞ்சம் நகர்த்துங்க."