உபகாரச் சம்பளமும் ஓசூர்த் தொழிலாளரும்

ஓசூர் ராமநாயக்கன் ஏரிக்கரையில் காலை வேளைகளில் முதியோர் சிலர் கூடுவதுண்டு. இவ்வியாசம் எழுதுவோனும் அவர்களில் ஒருவன். தெலுங்கர் மூவர், கன்னடர் இருவர், தென் ஜில்லாக்களிலிருந்து பிழைப்பை நாடி வந்த தமிழர் ஏனையோர். யாவரும் யந்திரசாலைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். 2024 ஜூன் 27ந் தேதி சட்டசபையில் முதல் மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின், ஓசூரில் 2000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பிரயாணிகளுக்கு இடந்தரும் ஆகாய விமான நிலையம் அமைக்கப்படுமென்று அறிவித்த நாள் முதலாக, எங்கள் சம்பாஷணை பெரும்பாலும் அதைப் பற்றியதே. விமானமேறும் வசதி எங்களில் எவருக்கும் இல்லை. ஆயினும் ஊர் வளருகிறதென்பதில் எல்லோருக்கும் சந்தோஷந்தான்.

இவ்வூரின் வளர்ச்சியை நாங்கள் கண்ணாரக் கண்டவர்கள். ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் 1878ல் பிறந்த தொரப்பள்ளி இதற்கு அருகிலுள்ள கிராமம். அதற்கப்பால் வெளியார் அறியத்தக்க பெருமை ஓசூருக்கு நெடுநாள் இருந்ததில்லை. சிப்காட் பேட்டை ஏற்பட்ட பிறகே நிலைமை மாறிற்று. 1980ல் இங்கிருந்து லாரிகளும் மொபெட்டுகளும் வெளிவரலாயின. 1987ல் கைக்கடிகாரங்களும் வந்தன. எல்லாம் சுதேசத்தில், சுதேசிகளின் கையால் ஆனவை. அந்நாளில் இளைஞர்களாக வந்த நாங்கள் ஓட்டு வீடுகளில் அறைக்கு நால்வராகத் தங்கினோம். வீட்டுக்காரர் தெலுங்கு பேசுவார், பால்காரர் கன்னடம் பேசுவார், எங்களுக்கோ தமிழன்றி வேறில்லை. ஆறு மாதத்தில் மூன்றும் கலந்த ஒரு பாஷை எங்கள் நாவில் ஏறிவிட்டது. பண்டிதர் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வர்! பங்குனியில் சந்திரசூடேசுவரர் தேர் ஓடும்போது வடம் பிடித்தவர்களில் யார் எந்த ராஜ்யத்தான் என்று எவரும் கேட்டதில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் மூண்டு, பெங்களூரிலிருந்து தமிழர் குடும்பங்கள் எல்லையைக் கடந்து வந்தபோது, எங்கள் தெருவில் அவர்களுக்கு முதன்முதல் சோறு வடித்தது ஒரு கன்னடர் வீட்டு அடுப்பேயாகும்.

நிற்க. அன்று வந்த இளைஞரின் இன்றைய ஸ்திதி யாது?

1995 நவம்பர் 16 முதல் அமுலிலுள்ள தொழிலாளர் உபகாரச் சம்பளத் திட்டத்தின் கணக்கு எளிது. கடைசிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். ஆனால் கைக்கு வந்த சம்பளம் எவ்வளவாயினும், கணக்கிற்குப் பொதுவாகக் கொள்ளப்பட்ட உச்சவரம்பு 2001 முதல் 6500 ரூபாய்; 2014 செப்டம்பரிலேதான் அது 15,000 ஆயிற்று. திட்டம் தொடங்கியது முதல் 18 ஆண்டு உழைத்து 2013ல் விலகிய ஒருவனுக்கு 6500ஐப் பதினெட்டால் பெருக்கி எழுபதால் வகுத்தால் கிடைப்பது மாதம் 1671 ரூபாய். அதற்கு முந்திய சேவைக்காகச் சேர்வது சொற்பம். அரிசி விலை ஏறினாலும் மருந்து விலை ஏறினாலும் இத்தொகை ஏறாது. பஞ்சப்படி என்பது இத்திட்டத்தில் கிடையாது. ஸ்ரீ பகத்சிங் கோஷியாரி தலைமையில் ராஜ்யசபைக் கமிட்டி 2013ல் குறைந்தபட்சம் 3000 ரூபாயாவது தரவேண்டுமென்று சிபார்சு செய்தது. மறு ஆண்டில் மத்திய சர்க்கார் நிர்ணயித்ததோ 1000 ரூபாய்!

இந்நிதி முதலாளி தரும் 8.33 சதவீதத்தாலும் சர்க்கார் தரும் 1.16 சதவீதத்தாலும் ஆனது, தொழிலாளி தன் கையிலிருந்து எதுவும் தரவில்லையே என்று சிலர் வாதிக்கின்றனர். முதலாளியின் பங்கு யாருடைய உழைப்பில் விளைந்தது? கூலியின் ஒரு பகுதியைப் பிற்காலத்திற்கென நிறுத்தி வைத்துக்கொண்டு, பிற்காலம் வந்தபின் தர்மம் போடுவது போலப் பேசுவது நியாயமன்று.

பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23ல் உயிர் நீத்த ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவைத் தேசபக்தர்கள் மறக்கமாட்டார்கள். 1908ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றபோது, ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு முன்னின்றவர் அவர். சுயராஜ்யமும் கூலியும் ஒரே மேடையில் பேசப்பட்ட காலம் அது. இன்றைய தொழிற்சங்கத்தாரோ, வேலையிலிருப்போரின் ஒப்பந்தத்திற்காக மும்முரமாக வாதாடுகிறார்கள், அது வேண்டியதே. ஆனால் சங்கத் தேர்தலில் ஓட்டில்லாத கிழவனின் மனுவை எந்த மேடையில் வாசிக்கக் கேட்கிறோம்? புதிய சாலைகளும் விமான நிலையமும் வேண்டுமென்று தீர்மானம் போடும் ஊர்ப் பிரமுகர்கள், அத்தீர்மானத்தின் கீழ் இதையும் ஒரு வரி சேர்த்தால் காகிதம் குறைந்துவிடாது.

சென்ற வாரம் எங்கள் கூட்டத்தில் ஒருவர், தாம் உயிரோடிருப்பதை ருசுப்படுத்தச் சென்றார். ஆண்டுக்கொரு முறை இது செய்தாக வேண்டும். முப்பது வருஷம் கடைசல் யந்திரத்தில் இரும்பைப் பிடித்த விரல், ரேகை தேய்ந்துபோயிருந்தது. கருவி அவரை ஏற்க மறுத்தது. ஐந்து முறை துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். பிறகு அங்கிருந்த பையன் ஒருவன் தன் கைபேசியால் அவர் முகத்தைப் படமெடுத்து, “சரி தாத்தா, நீங்க இருக்கீங்க” என்று அனுப்பி வைத்தான். ஏரிக்கரைக்கு வந்து இதைச் சொல்லி அவரே சிரித்தார். அவருக்கு மாதம் வருவது 1480 ரூபாய்.