விருந்தினர் உறவினராகும் வழி: அயல்நாட்டு மாணவர் பரிமாற்றமும் பண்பாட்டிடைப் புரிந்துணர்வும்

முன்னுரை

இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் அயல்நாட்டுக் குடும்பம் ஒன்றோடு தங்கி, ஒரு பருவமோ ஓராண்டோ அங்குள்ள பள்ளியில் பயிலும் முறை மாணவர் பரிமாற்றம் எனப்படுகின்றது. பிற நாட்டாரோடு பழகினால் அவர்தம் பண்பாடு தானே விளங்கிவிடும் என்னும் நம்பிக்கை இதற்கு அடித்தளமாக உள்ளது. பழகுதல் மட்டுமே புரிந்துணர்வைத் தந்துவிடுமா? தராது எனின், வேறு என்ன வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகின்றது.

தோற்றம்

இத்துறையில் நெடுங்கால வரலாறுடைய ஏ.எஃப்.எஸ். என்னும் அமைப்பு போர்க்களத்தில் தோன்றியதாகும். முதல் உலகப் போரின்போது, 1915இல், அமெரிக்கரான ஏ. பியாட் ஆண்ட்ரூ பிரான்சில் காயமுற்ற வீரர்களை ஏற்றிச் செல்லும் தன்னார்வலர் ஆம்புலன்ஸ் படையாக அதனை அமைத்தார். இரண்டாம் உலகப் போரிலும் அப்பணி தொடர்ந்தது. போர் முடிந்தபின், ஸ்டீபன் கலாட்டியின் தலைமையில் அவ்வமைப்பு மாணவர் பரிமாற்றத்தை மேற்கொண்டது. 1947இல் 10 நாடுகளைச் சேர்ந்த 52 மாணவர்கள் அமெரிக்கா சென்றனர்.

2001 செப்டம்பர் 11 தாக்குதல்களை அடுத்து, முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்காக, 2002இல் அமெரிக்க அரசு கென்னடி–லூகர் இளையோர் பரிமாற்றத் திட்டத்தை ஏற்படுத்தியது. மலேசிய, இந்திய மாணவர்களும் இதில் பங்கேற்றுள்ளனர். அமெரிக்க மாணவர்களை இத்தகு நாடுகளுக்கு அனுப்பும் மறுபகுதி 2009இல் தொடங்கப்பெற்றது. பகைமையின் வடு ஆறுமுன்னரே இவ்விரு முயற்சிகளும் எழுந்தன என்பது நோக்கத்தக்கது.

பழக்கமும் அதற்குரிய நிபந்தனைகளும்

வேறுபட்ட குழுவினர் ஒருவரோடொருவர் பழகுவதால் தப்பெண்ணம் குறையும் என்னும் கருத்தை உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் விளக்கினார். சமநிலை, பொது நோக்கம், கூடிச் செயற்படல், நிறுவனங்களின் ஆதரவு ஆகிய நான்கு நிபந்தனைகளை அவர் வகுத்தார். 2006இல் தாமஸ் பெட்டிகிரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, பழக்கம் பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கின்றது என்றும், இந்நிபந்தனைகள் இன்றியமையாதன அல்ல எனினும் அவை அமையுமிடத்துப் பயன் மிகுகின்றது என்றும் காட்டினர்.

இல்லம் ஒன்றில் தங்கும் மாணவரின் நிலையை இவற்றோடு ஒப்பிடுவோம். உணவு, போக்குவரவு, அனுமதி அனைத்திற்கும் அவர் விருந்தளிக்கும் குடும்பத்தையே சார்ந்துள்ளார். எனவே சமநிலை இயல்பாக அமைவதில்லை. அமெரிக்க விதிமுறைகள் குடும்பத்தினரின் குற்றப் பின்னணியை ஆராய்தல், மாதந்தோறும் மாணவரோடு தொடர்பு கொள்ளுதல் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியிருப்பதன் தேவை இதனால் புலனாகும். மாணவரின் பாதுகாப்பு உறுதியான பின்னரே புரிந்துணர்வைப் பற்றிப் பேசுதல் தகும்.

விருந்தும் உறவும்

'விருந்து' என்னும் சொல் தொல்காப்பியத்தில் புதுமை என்னும் பொருளில் ஆளப்பெற்றுள்ளது. புதியவரைப் போற்றுதல் தமிழர்தம் உயர்ந்த பண்பு. ஆயின், போற்றுதலில் ஒரு தொலைவும் உண்டு. தமிழ்க் குடும்பம் ஒன்று அயல்நாட்டு மாணவரை ஏற்பதாகக் கொள்வோம். அவருக்கு முதலில் பரிமாறுவர், காரத்தைக் குறைப்பர், சாப்பிட்ட தட்டைக் கழுவவிடார், தீபாவளிக்குப் புத்தாடை எடுத்துத் தருவர். இவற்றால் அவர் திருநாளை அறிவார், அன்றாடத்தை அறியார். வீட்டு வேலையில் பங்கு, குளியலறைக்குக் காத்திருத்தல், பாட்டியின் கண்டிப்பு ஆகியவையும் அவருக்குக் கிடைக்கும்போதே அக்குடும்பம் எவ்வாறு முடிவெடுக்கின்றது, எதற்கு வருந்துகின்றது என்பன விளங்கத் தொடங்கும். ஆல்போர்ட் கூறிய கூடிச் செயற்படல் அடுக்களையிலிருந்தே தொடங்குகின்றது எனலாம்.

இடையில் மனச்சோர்வு தோன்றுதலும் இயல்பே. அமெரிக்காவில் தங்கிய நார்வே நாட்டுக் கல்வியாளர்களை ஆராய்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட், தொடக்க மகிழ்ச்சி, பின் தாழ்வு, பின் மீட்சி என்னும் வளைவை 1955இல் முன்வைத்தார். பின்வந்த ஆய்வுகள் அனைத்திலும் இவ்வடிவம் காணப்படவில்லை. எனினும், மாணவரின் மௌனத்தை நன்றியின்மையாகக் கொள்ளலாகாது என்னும் எச்சரிக்கை குடும்பத்தினர்க்குப் பயன்படும்.

ஆசிரியரின் பங்கு

மைக்கேல் பைராம் 1997இல் வெளியிட்ட நூலில் பண்பாட்டிடைத் திறனை மனப்பான்மை, அறிவு, பொருள்கொண்டு தொடர்புபடுத்தும் திறன், கண்டறிந்து ஊடாடும் திறன், திறனாய்வுநிலைப் பண்பாட்டு விழிப்புணர்வு என ஐந்தாகப் பகுத்தார். பரிமாற்ற மாணவரை மேடையேற்றி, அவர்தம் நாட்டு உடையையும் நடனத்தையும் காட்டச் செய்தால் அறிவு ஓரளவு கிட்டும்; ஏனைய நான்கும் கிட்டா. அவரை ஒரு நாட்டின் பிரதிநிதியாக அன்றித் தனிமனிதராக நோக்கச் செய்தலே ஆசிரியரின் முதற்பணி. வீட்டினுள் காலணி அணியாமை, மூத்தோரைப் பெயர் சொல்லி அழையாமை போன்றவற்றுக்கு அவர் காரணம் கேட்கும்போது, நம் மாணவர்களே விடை கூறட்டும். பழகிப்போனதால் நாம் வினவாது விட்டவற்றை அவ்வினாக்கள் மீண்டும் நம்முன் நிறுத்தும்.

முடிவுரை

பழக்கம் புரிந்துணர்வுக்கு வாயில் மட்டுமே. உபசரிப்போடு உரிமையும் பொறுப்பும் பகிரப்படும்போதுதான் மாணவர் அவ்வாயிலைக் கடந்து உள்ளே வருகின்றார். பரிமாற்ற மாணவரை ஏற்கும் தமிழ்க் குடும்பங்களும் பள்ளிகளும் விருந்தோம்பலைக் கைவிட வேண்டுவதில்லை. முதல் வாரத்தில் விருந்தினராக வருபவர், அடுத்த மாதத்தில் தம் தட்டைத் தாமே கழுவும் உறவினராக மாற இடமளித்தால் போதும்.