ஒரே பீடம், நடுவே சுவர்

விராலிமலை வட்டாரத்தார்க்கு ஆவூர் பெரியநாயகி மாதா கோவிலைச் சொல்லத் தேவையில்லை. 1747-இல் எழுந்த கோவில். வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள், முக்காடு போடுகிறார்கள், எழுந்தேற்றத்தின்போது மண்டியிடுகிறார்கள். ஆண்டவருக்கு மரியாதை. சரி, பக்கத்தில் மண்டியிடுகிறவருக்கு?

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு கூடங்கள். பீடம் ஒன்றுதான். ஒரு கூடத்தில் வேளாளர், மற்றதில் பிற சாதியார், நடுவே சுவர். பக்தியில் இருபுறமும் குறைவில்லை. அதே மண்டியிடல், அதே ஜெபமாலை. 1910-இல் சுவரை இடித்ததும் வேளாளர் வழக்குக்குப் போனார்கள். சுவர் இல்லாமல் கும்பிட வரவில்லை போலும்! சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை.

பழங்கதை என்று தள்ள முடியாது. எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப்பங்கு கேட்டுப் போராடினார்கள். பிணத்தைப் பொதுவழியில் கொண்டுபோகவும் உரிமை கேட்டார்கள். 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். சாதிப் பாகுபாடு கடும் சமூகப் பாவம் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் எழுதிவைத்தது. எழுத்து பங்குகளுக்கு வந்து சேர்ந்ததா?

மாணவர்களே, உங்கள் ஊர்த் திருவிழாவில் சப்பரம் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, வாசகம் வாசிக்க யாரை அழைக்கிறார்கள், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்று குறித்துவையுங்கள். பங்குப் பேரவை கூடும் நாளில் அந்தத் தாளோடு போங்கள்.