பாட்டி, இன்னும் என் முறை வரவில்லை

மாலை நான்கு மணி. பள்ளி முடிந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடமும் செய்து களைத்துப்போன பன்னிரண்டு பிள்ளைகள் என் முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் தொடக்கநிலை ஒன்று, இரண்டு. ஆளுக்கொரு யூகலேலியைக் கையில் கொடுத்த மறுகணம் பன்னிரண்டும் சேர்ந்து அலறும். மாணவர் பராமரிப்பு நிலையத்தில் வாரம் ஒருமுறை நான் எடுக்கும் வகுப்பு இப்படித்தான் தொடங்குகிறது.

அதனால் மீட்டுவதற்கு முன் நிறுத்தக் கற்றுக்கொடுக்கிறேன். “யூகலேலிக்குத் தூக்கம் வந்துவிட்டது” என்றால் கருவியை மடியில் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். விளையாட்டுபோலத் தோன்றும். ஆனால் இது பழகாவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தில் வேறெதுவும் நடக்காது.

இந்த வயதுக்கு ஏன் யூகலேலி? சிறிய ‘சொப்ரானோ’ வகை சுமார் 53 செ.மீ. நீளம்தான். நான்கே நைலான் தந்திகள். கிட்டாரின் இரும்புக் கம்பிபோல விரலை அறுக்காது. 1879ல் மடேரா தீவிலிருந்து ‘ரேவன்ஸ்கிராக்’ கப்பலில் ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன போர்ச்சுகீசியர்கள் கொண்டுசென்ற சின்னக் கருவியிலிருந்து வந்தது இது. தோட்டத் தொழிலாளர்களோடு கப்பலேறிய கருவி என்பதால் எனக்கு இதன்மேல் கொஞ்சம் கூடுதல் பாசம்.

இனி, நான் செய்த தவறு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிலையத்தில், ஆண்டிறுதி நிகழ்ச்சிக்கு எட்டே வகுப்புகளில் ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். நானும் தலையாட்டினேன். அந்தப் பாட்டுக்கு மூன்று ‘கோர்டு’கள் தேவை. அதாவது, தந்திகளை மூன்று விதமாக அழுத்தி மாற்றி மாற்றி மீட்ட வேண்டும். நான்கு பிள்ளைகளுக்கு அது வரவில்லை. அவர்களைப் பின்வரிசையில் நிறுத்தி, தந்தியில் படாமல் கையை மட்டும் ஆட்டச் சொன்னேன். பெற்றோர் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். நல்ல கைதட்டல்.

அடுத்த வாரம் பேரனை அழைத்துப் போக வந்த ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: “டீச்சர், தம்பி வீட்ல சொன்னான், ‘நான் வாசிக்கல பாட்டி, சும்மா கைய ஆட்டினேன்’னு. அவனுக்கு வரலையாம்மா?” குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதன்பிறகு யாரையும் நடிக்கச் சொன்னதில்லை. இரண்டே கோர்டுகளில் முடியும் குழந்தைப் பாட்டுகள் நிறைய இருக்கின்றன. எஃப் கோர்டுக்கு இரண்டு விரல், சி7க்கு ஒரே விரல். கீழ்த் தந்தியின் முதல் கட்டத்தில் ஆள்காட்டி விரலை வைத்தால் சி7 தயார். வகுப்பைப் பாதியாகப் பிரித்து ஆளுக்கு ஒரு கோர்டு மட்டும் கொடுக்கிறேன். ஒரு குழு மீட்டும்போது மற்றது தந்திகளின்மேல் உள்ளங்கையை வைத்து எண்ணும். இரண்டு வாரம் கழித்து இடம் மாற்றம். அழுத்தவே வலுவில்லாத பிள்ளைக்கும் இடமுண்டு. எந்தத் தந்தியையும் அழுத்தாமல் நான்கையும் சேர்த்து மீட்டினால் வரும் ஒலி, சி, ஏ மைனர் இரண்டோடும் ஒத்துப்போகும்.

பெற்றோர் பெரும்பாலும் கேட்பது கிரேடு தேர்வைப் பற்றித்தான். அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு இடது கை நகங்களை ஒட்ட வெட்டி அனுப்புங்கள், நகம் நீண்டிருந்தால் விரல் நுனி தந்தியில் பதியாது. கருவி வாங்கினால், முதல் சில வாரங்களுக்கு ஒவ்வொரு முறையும் சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். புதிய நைலான் தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கருவியின் குறை என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துச் சென்றவர்களும் உண்டு! வீட்டில் தினமும் பத்து நிமிடம் போதும்.

பாட்டி கேட்ட அன்றே அந்தப் பையனுக்கு சி7 கொடுத்தேன். மற்றவர்கள் எஃப் மீட்டும்வரை விரலைக் கட்டத்தில் ஊன்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு எண்ணினான். பாட்டி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “பஸ் போயிடும், வாப்பா” என்று வாசலிலிருந்து கூப்பிட்டார்.

அவன் தலையைத் திருப்பவே இல்லை. “இருங்க பாட்டி, இன்னும் என் முறை வரல.”