நான்கு ஓவியர்களும் ஒரு வளைந்த தாழ்வாரமும்

ஓவியம், கட்டடம், பாலே, இசை என எல்லாவற்றையும் சாதாரண வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்த நிகழ்ச்சி பிபிசியின் 'மானிட்டர்'. 1958 பிப்ரவரியில் தொடங்கி 1965 வரை ஒளிபரப்பானது. முதல் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தியவர் ஹியூ வெல்டன். பார்ப்பவருக்குக் கலை தெரியாமல் இருக்கலாம், ஆனால் புரிந்துகொள்ளும் அறிவு உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்த மரியாதைதான் மானிட்டரின் பலம் என்பேன்.

வெல்டன் வளர்த்த இளைஞர்களில் ஒருவர் கென் ரஸ்ஸல். பாலே பயின்று, புகைப்படக்காரராகி, பிறகு இயக்குநரானவர். 1960-ல் பாலே ஆசிரியை மேரி ராம்பெர்ட்டின் நினைவுகளைப் படமாக்கினார். 1913-ல் பாரிஸில் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் சிக்கலான தாளத்துக்கு நிஜின்ஸ்கி நடனம் அமைத்தபோது, ஆட்டக்காரர்களுக்குத் தாளக்கணக்கு சொல்லிக்கொடுத்தவர் ராம்பெர்ட். அடுத்த ஆண்டு ரஸ்ஸலின் கேமரா பார்சிலோனாவில் கட்டடக் கலைஞர் கௌடியின் கட்டடங்களுக்குப் போனது. உடைந்த ஓடுகளின் வண்ண ஜாலத்துக்குப் பேர்போனவர் கௌடி. தொலைக்காட்சியோ கறுப்பு வெள்ளை. வண்ணம் விலகியதும் கல்லின் வளைவும் நிழலும் தனியாகத் தெரிந்தன.

ரஸ்ஸல் இயக்கி 1962 மார்ச்சில் வந்த 'பாப் கோஸ் தி ஈசல்' படம்தான் எனக்கு எல்லாவற்றிலும் மேல். பீட்டர் பிளேக், டெரெக் போஷியர், பீட்டர் ஃபிலிப்ஸ், பாலின் போட்டி என்று நான்கு இளம் பாப் ஓவியர்கள். விமர்சகரை உட்கார வைத்து விளக்கவுரை கேட்கவில்லை. அவர்களுடைய அறை, அவர்கள் கேட்கும் பாட்டு, போகும் கேளிக்கைச் சந்தை எல்லாவற்றுக்கும் கேமரா கூடவே போகிறது.

பாலின் போட்டியின் பகுதி ஒரு கெட்ட கனவு. வளைந்து நீளும் தாழ்வாரத் தரையில் தன் வரைதாள்களைப் பரப்பியிருக்கிறார். வந்தவர்கள் அவற்றை மிதித்துப் போகிறார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட பெண்ணொருத்தி சக்கர நாற்காலியில் துரத்துகிறாள். ஓட ஓடத் தாழ்வாரம் முடியவே இல்லை. அது பிபிசியின் வட்ட வடிவக் கட்டடத்துக்குள்ளேயே எடுத்தது.

1966-ல், 28 வயதில், புற்றுநோய் பாலின் போட்டியைக் கொண்டுபோனது. ஓவியங்கள் அண்ணனின் பண்ணையில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தன. பிரிட்டிஷ் பாப் ஓவிய வரலாற்றில் அவர் பெயர் ஏறக்குறைய காணாமலே போனது. 1993-ல் லண்டன் பார்பிக்கன் கண்காட்சியில்தான் அவை மறுபடி வெளியே வந்தன. ஆனால் மானிட்டர் அவரை மூன்று ஆண் ஓவியர்களுக்குச் சமமாக நிறுத்திக் காட்டி அப்போதே முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.