தலைநகரைத் தெரிந்தெடுத்த வாக்காளர்

ஒரு மாநிலத்தின் தலைநகர் எவ்வூரில் அமைய வேண்டும் என்று கூறும் உரிமை யாருக்குரியது? மன்னருக்கு என்றது பழங்காலம். வாக்காளருக்கே என்று விடை கூறிய மாநிலமும் உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மோன்டானா 1889-இல் தனி மாநிலமாயிற்று. தலைநகரைத் தெரிந்தெடுக்க 1892-இல் மக்கள் வாக்களித்தனர். பல ஊர்கள் போட்டியிட்டமையால் எவ்வூருக்கும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் கிட்டவில்லை. முதலிரண்டு இடம் பெற்ற ஹெலீனாவும் அனகோண்டாவும் 1894-இல் மீண்டும் மோதின. அனகோண்டா, செம்புச் சுரங்க அதிபர் மார்க்கஸ் டேலி தோற்றுவித்த ஊர். அவருடைய தீராப் பகைவரும் மற்றொரு செம்புச் செல்வருமான வில்லியம் கிளார்க், ஹெலீனாவின் பக்கம் நின்றார். இருவரும் பணத்தைத் தண்ணீராய் இறைத்தனர். ஹெலீனா இரண்டாயிரத்துக்கும் குறைந்த வாக்குகளால் வென்றது. இன்றும் அதுவே தலைநகர். மக்கள் தீர்ப்பு என்கிறோம். ஆயினும் அம்மாநிலப் பெண்டிர் வாக்குரிமை பெற்றது 1914-இல்தான்!

நம் அண்டையில் நிகழ்ந்தது வேறு. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது கர்நூல் தலைநகராயிற்று. அதனை முடிவு செய்தவர்கள் அப்பகுதியின் சட்டமன்ற உறுப்பினர்கள். தலைநகர், உயர்நீதிமன்றம் ஆகிய இரண்டனுள் விரும்பிய ஒன்றை இராயலசீமை கேட்டுப் பெறலாம் என்னும் 1937-ஆம் ஆண்டின் ஸ்ரீபாக் உடன்பாடே அதற்கு அடிப்படை. கட்டடம் போதாமையால் அலுவலகங்கள் பல கூடாரங்களில் இயங்கின. மூன்றே ஆண்டுகளில், 1956-இல், தலைநகர் ஐதராபாத்துக்கு மாறிற்று.

இதனால் எளியவனுக்கு என்ன என்று வினவுவீர்கள். கல்வராயன் மலையைப் பாருங்கள். முன்னர் அம்மலைவாழ் மக்களுக்கு மாவட்டத் தலைநகர் கடற்கரையிலுள்ள கடலூர். 1993-இல் அது விழுப்புரமாயிற்று. 2019 நவம்பர் 26 முதல் மலையடிவாரத்தை அடுத்த கள்ளக்குறிச்சியாயிற்று. ஒரு நிலப்பட்டாவுக்காக மலையிறங்குபவன் இழக்கும் கூலி நாட்கள் எத்தனை குறைந்திருக்கும்! இம்மாற்றங்களுள் எதற்கும் வாக்கெடுப்பு நிகழவில்லை, அரசாணையே போதியதாயிற்று.

அவர்களிடம் கேட்டிருப்பின்? அம்மலை 1976 வரை ஜாகீர்தாரர் ஆட்சியில் இருந்தது என்றும், மக்கள் வாக்குரிமை எய்தியது 1996-இல்தான் என்றும் 2024-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. ஆகவே 1993-இல் கேட்டிருந்தாலும் வாக்களிக்க அவர்களால் இயன்றிராது. 2019-இல் வாக்கு இருந்தது, கேட்பார்தாம் இல்லை. இன்று மலைமேல் வெள்ளிமலையிலேயே வட்டாட்சியர் அலுவலகம் உள்ளது.