வரைகலை அட்டைகளின் குளிர்விப்பு முறைகள்: ஓர் ஒப்பீடு

வரைகலை அட்டையொன்று உட்கொள்ளும் மின்சத்தி ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. குளிர்விப்பு அமைப்பு அவ்வெப்பத்தைச் சில்லிலிருந்து அகற்றிக் காற்றிற் சேர்க்கின்றது. அக்காற்று எங்கே செல்கின்றது என்பதிலேயே அமைப்புகள் முதன்மையாக வேறுபடுகின்றன.

ஊதுவிசிறி அமைப்பில், ஒற்றை விசிறி மூடிய உறையினூடே காற்றைச் செலுத்திக் கணனிப் பெட்டிக்கு வெளியே தள்ளுகின்றது. திறந்த அமைப்பில், இரண்டு அல்லது மூன்று விசிறிகள் அகன்ற உலோகத் தகடுகளைக் குளிர்விக்கின்றன. ஆயின் வெப்பக்காற்றிற் பெரும்பகுதி பெட்டிக்குள்ளேயே பரவுகின்றது.

ஏ.எம்.டி. நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஆர்9 290எக்ஸ் இதற்குத் தக்க சான்றாகும். ஊதுவிசிறி பொருத்திய மூல அட்டை, இரைச்சல் குறைந்த நிலையில் நெடுநேரம் இயங்குகையில் 95 பாகை செல்சியசை எட்டித் தன் மீடிறனைக் குறைத்துக்கொண்டது. அதே சில்லுடன் பிற தயாரிப்பாளர் வெளியிட்ட திறந்த அமைப்பு அட்டைகள் பல, குறைந்த வெப்பநிலையில் மீடிறனைப் பேணின.

ஆயினும், பல அட்டைகள் நெருக்கமாகப் பொருத்தப்படும் கணனியில் ஒன்றன் வெப்பக்காற்றை மற்றொன்று உள்ளிழுக்கும். அங்கு ஊதுவிசிறியே ஏற்றது. சில்லின் பெயரை மட்டும் நோக்கி அட்டை வாங்கும் ஆய்வுகூடம், தான் விலைகொடுத்த வேகத்தை முழுமையாகப் பெறாமற் போகலாம்.